பாதை சமைக்கும் தொண்டர்

மனிதர் பலர் ஒரே வழியால் நாள்தோறும் நடந்து செல்லுமிடத்துப் புல் தேய்கின்றது, மண் தெரிகின்றது, நாளடைவில் ஒற்றையடிப் பாதை ஒன்று தோன்றிவிடுகின்றது. அதனை அமைத்தவர் இன்னார் என்று எவரும் கூறமுடியாது. இவ்வாறு தானே தோன்றும் பாதைகளையே நாம் பெரும்பாலும் அறிவோம். ஆனால், பலர் கூடி ஆலோசித்து, நிலத்தை அளந்து, உரியவரிடம் அனுமதி பெற்று, கூலி வாங்காது ஒற்றையடிப் பாதையை வெட்டியமைத்துப் பின் ஆண்டுதோறும் அதனைப் பேணிவருதலும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே மலைத் துவிச்சக்கர வண்டியோட்டிகள் பொதுப் பூங்காக்களிலும் காடுகளிலும் செய்துவரும் பணி இத்தகையது. விளையாட்டின் பொருட்டு எழுந்த பணியே ஆயினும், பொதுநிலத்தில் ஒருவர்க்குள்ள உரிமை எத்தகையது, தொண்டு எவ்வாறு ஒழுங்குபெறல் வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கும் அது விடை தருகின்றது. ஆதலின் அதனைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்தாகும்.

மலைத் துவிச்சக்கர வண்டியின் வரலாறு நீண்டதன்று. கலிபோர்ணியா மாநிலத்தில், சன்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் பகுதியில் தமல்பையஸ் மலை உள்ளது. 1970ஆம் ஆண்டுகளில் அங்கு வாழ்ந்த இளைஞர் சிலர், தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகளைத் தேடியெடுத்து, மலைப்புறத்து மண்பாதைகளில் மேலிருந்து கீழாக ஓட்டி மகிழ்ந்தனர். 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 'றீபக்' எனப் பெயர்பெற்ற இறக்கத்திலே முதற் போட்டி நிகழ்ந்தது. ஒருமுறை இறங்கியதும் பின்சில்லின் தடையில் இட்ட கிரீஸ் சூட்டினாற் புகைந்து போய்விடும். மீண்டும் புதிதாக நிரப்புதல் வேண்டும். அந்த மறுநிரப்பலையே அப்பெயர் குறித்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பார் இவ்வோட்டத்திற்கெனவே தனி வண்டிச்சட்டம் ஒன்றை அமைத்தார். 1981 முதல் இத்தகைய வண்டிகள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன. ஒரு மலைச்சாரலிற் சிலர் ஆடிய ஆட்டம் சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது.

பரவிய ஆட்டத்தோடு பகையும் பரவிற்று. பூங்காக்களிலும் காடுகளிலும் இருந்த பாதைகள் நடப்போருக்கும் குதிரையிற் செல்வோருக்குமென அமைந்தவை. அமைதியை நாடி நடந்துசென்ற முதியவர், வளைவு ஒன்றிலே வேகமாக வந்த வண்டியைக் கண்டு திடுக்குற்றார், குதிரைகள் மிரண்டன. முறையீடுகள் பெருகப் பல பூங்காக்களின் அதிகாரிகள் வண்டிகளைத் தடை செய்தனர். 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட காடுகளிலே துவிச்சக்கர வண்டிக்கு இடமில்லை என்பதை அமெரிக்க வனச்சேவையினர் 1984இல் விதியாகத் தெளிவுறுத்தினர். தடைக்கு ஆளானோருட் சிலர் மறைவிடங்களில் அனுமதியின்றிப் பாதை வெட்டத் தொடங்கினர். அப்பாதைகள் முறையறியாது வெட்டப்பட்டமையால் மழையில் அரிப்புண்டன. அரிப்பைக் கண்டோர் தடை நியாயமானதே என்றனர். இங்ஙனம் குற்றமும் தண்டனையும் ஒன்றையொன்று வளர்த்தன.

இந்நிலையிலேதான் 1988ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் கழகங்கள் சில ஒன்றுசேர்ந்து சர்வதேச மலைத் துவிச்சக்கர வண்டிச் சங்கத்தை நிறுவின. பொதுநிலத்தில் இடம் வேண்டுவோர் அந்நிலத்தின் பராமரிப்பிலும் பங்கேற்றல் வேண்டும் என்பது அச்சங்கத்தார் கண்ட வழி. அவர்கள் அதிகாரிகளிடம் மனுவோடு மட்டும் செல்லவில்லை, மண்வெட்டியோடும் சென்றனர். 1997 முதல் இருவர் கொண்ட பயிற்சிக் குழுக்களை ஊரூராக அனுப்பி, உள்ளூர்க் கழகத்தார்க்குப் பாதை அமைக்கும் முறையைக் கற்பித்தனர்.

இம்முயற்சிக்கு முன்மாதிரி அந்நாட்டில் இருந்தது. பென்டன் மக்காய் என்னும் அறிஞர் 1921இல் முன்மொழிந்த அப்பலாச்சியன் நடைபாதை, பதினான்கு மாநிலங்களூடாக ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீள்வது. பெரும்பாலும் நடைக் கழகத்தாரின் உழைப்பினாலே 1937இல் நிறைவெய்தியது. சட்டமும் பின்னர்த் துணை செய்தது. தொண்டர் ஒருவர்க்குக் கல் உருண்டு கால் முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? அவர் செய்த வேலையாற் பிறர்க்கு ஊறு நேர்ந்தாற் பொறுப்பு யாருடையது? இவ்வினாக்களுக்கு விடை இல்லாதவரை எந்த அதிகாரியும் தொண்டரை வரவேற்கத் தயங்குவார். தேசியப் பூங்காக்களுக்கு 1970இலும் தேசியக் காடுகளுக்கு 1972இலும் இயற்றப்பட்ட தொண்டர் சட்டங்கள், பணியின்போது தொண்டரை இக்காரியங்களில் அரசின் ஊழியரைப் போலவே கருதுமாறு வகுத்தன. நல்லெண்ணத்திற்கும் சட்டத்தின் காவல் வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

இனி, பணி நிகழும் முறையை நோக்குவோம். முதற்படி மண்வெட்டி அன்று, அனுமதியே. நிலம் நகரசபைக்கு உரியதா, மாநிலத்திற்கு உரியதா, மத்திய அரசுக்கு உரியதா என்று அறிந்து, உரிய உத்தியோகத்தரை அணுகுதல் வேண்டும். எங்கே அரிய செடிகள் உள்ளன, எங்கே பறவைகள் கூடு கட்டும், எங்கே நீரூற்று உண்டு என்பனவற்றை ஆராய்ந்து, பாதை விலகிச் செல்லவேண்டிய இடங்களையும் கண்டே தீரவேண்டிய காட்சிகளையும் வரைபடத்திற் குறிப்பர். பின்பு எழுத்துமூலமாக ஓர் உடன்படிக்கை செய்வர். பாதையை யார் அமைப்பது, எவரெவர் பயன்படுத்தலாம், பழுதுபட்டால் யார் திருத்துவது என்பன அதில் இடம்பெறும். இவற்றுள் இறுதியில் நின்ற வினாவே முதன்மையானது. பாதை திறக்கும் நாளில் திரளும் கூட்டம் அடுத்த மாரியிற் காணப்படுவதில்லை.

பாதையின் பகைவன் சில்லு என்று பலர் எண்ணுவர். உண்மையில் முதற்பகைவன் நீரே. தோட்டத்திலே வாய்க்கால் கட்டி நீர் பாய்ச்சியவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. சரிவிலே நேர்கீழாக ஒரு கோடு கீறினால் அது பாதையாகாது, வாய்க்காலே ஆகும். மழைநீர் அதனூடே பாய்ந்து மண்ணைக் கொண்டுசெல்லும். சமநிலத்திலோ நீர் தேங்கும். சேற்றுக்கு அஞ்சுவோர் ஓரமாக ஒதுங்கிச் செல்லச் செல்லப் பாதை அகன்றுகொண்டே போகும். ஆகவே சரிவின் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஏறத்தாழத் தழுவிச் செல்வதே நல்ல பாதை.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பாதையின் ஏற்றம், அது கடக்கும் சரிவின் ஏற்றத்திற் பாதியை மிஞ்சலாகாது. நூறடிக்கு இருபதடி உயரும் சரிவானால், அதன்மீது செல்லும் பாதை நூறடிக்குப் பத்தடிக்கு மேல் உயர்தல் கூடாது. மிஞ்சினால், மேலிருந்து வரும் நீர் பாதையைக் கடந்து கீழே செல்லாமற் பாதையின் வழியே ஓடத் தொடங்கும். சரிவு மிகக் கூடிய இடத்திலும், பாதையின் சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்து என்னும் அளவிலேயே நிற்றல் நன்று. பாதையின் மேற்பரப்பைக் கீழ்ப்புறமாக நூற்றுக்கு ஐந்து அளவிற் சாய்த்து விடுவர். அன்றியும், இருபது முதல் ஐம்பது அடிக்கு ஒருமுறை, ஏறிவரும் பாதையைச் சற்றே இறக்கி மீண்டும் ஏற்றுவர். அந்தத் தாழ்விடத்தில் நீர் வெளியேறிவிடும். வண்டியோட்டிக்கு அது அலைமேற் செல்வது போன்ற இன்பம். பாதைக்கோ அது உயிர்க்காப்பு.

வழியை முடிவுசெய்தபின், சரிவுமானியால் அளந்து மரங்களில் நிறத் துணிகளைக் கட்டி அடையாளமிடுவர். அதன் பின்னரே வேலைநாள் குறிக்கப்படும். பெரும்பாலும் அது ஒரு சனிக்கிழமையாகும். வந்தோர் பெயர் பதிந்து, பொறுப்புப் பத்திரத்திற் கையொப்பமிட்டு, சிறு குழுக்களாகப் பிரிவர். குழுவிற்கு ஒரு தலைவர் உண்டு. கருவியைத் தோளிற் சுமவாது, கூரிய பக்கம் நிலத்தை நோக்கப் பக்கவாட்டிற் பிடித்துச் செல்லுதல், ஒருவர் வீச்சு மற்றவரை எட்டாத தூரத்தில் நிற்றல் முதலியன வேலைக்கு முன்னரே கற்பிக்கப்படும்.

கருவிகளுள் இரண்டு சிறப்பானவை. ஒன்று புலாஸ்கி, ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டி போன்ற குறுக்கலகும் உடையது. 1910ஆம் ஆண்டின் பெருங் காட்டுத்தீயிலே தம் ஆட்களைச் சுரங்கம் ஒன்றினுட் புகுத்திக் காத்த எட்வேட் புலாஸ்கி என்னும் வனக்காவலரின் பெயரைத் தாங்கியது. மற்றது மக்லவுட், ஒருபுறம் வாரும் பற்களும் மறுபுறம் அகன்ற அலகும் கொண்டது. இரண்டும் காட்டுத்தீயைத் தடுப்பதற்கு எழுந்த கருவிகளே. பாதைவேலைக்கும் பொருந்தி நிற்கின்றன.

ஒருவர் கிளைகளை அகற்றுவர்; ஒருவர் சருகும் மக்கும் நீக்கிக் கனிமண்ணை வெளிப்படுத்துவர்; பிறர் சரிவை வெட்டித் தட்டாக்கி மண்ணை இறுக்குவர். வலிமை குறைந்தோரும் சிறுவரும் சருகுகளைத் திரும்பப் பரப்பி வெட்டுக்காயத்தை மறைப்பர். அனைவர்க்கும் ஏற்ற வேலை உண்டென்பதே இப்பணியின் சிறப்பு. அன்று முடிக்கக்கூடிய அளவை மட்டும் தொடங்குதல் நல்ல தலைவருக்கு இலக்கணம். பாதி வெட்டிய மண்ணை ஓரிரவு மழை பாழாக்கிவிடும். உழைத்த மணிநேரங்கள் ஏட்டிற் பதியப்படும். நன்கொடை நிதி வேண்டுங்கால் அம்மணிநேரங்களே கழகத்தாரின் பங்காக மதிக்கப்படுதலும் உண்டு.

இதற்கு நகர்ப்புறச் சான்று ஒன்று கூறுவோம். நியூயோர்க் நகரின் மன்ஹற்றன் தீவின் வடபால், ஹார்லம் ஆற்றை நோக்கிய செங்குத்தான சரிவில் ஹைபிரிட்ஜ் பூங்கா அமைந்துள்ளது. 1848இல் நிறைவுற்ற நீர்வழிப் பாலம் ஒன்று அதற்கு அப்பெயரைத் தந்தது. பல்லாண்டுகள் கவனிப்பாரற்று, குப்பை மலிந்து, மக்கள் அஞ்சி ஒதுங்கும் இடமாக அச்சரிவு கிடந்தது. நகரப் பூங்காத் திணைக்களத்தின் இசைவோடு வண்டியோட்டிகளான தொண்டர்கள் அக்குப்பையை அகற்றி, சுமார் மூன்று மைல் நீளமான பாதைகளை அமைத்தனர். 2007ஆம் ஆண்டில் அவை திறக்கப்பட்டபோது, அந்நகரிலே மலைத் துவிச்சக்கர வண்டிக்கென அனுமதிபெற்ற முதற் பாதைகளாக விளங்கின. ஆள் நடமாட்டமே பூங்காவிற்கு முதற் காவல் என்பதை இது காட்டுகின்றது.

இப்பணிக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். சில்லுகள் மண்ணைக் கெடுக்கும் என்பது ஒரு மறுப்பு. மொன்டானா மாநிலத்தில் நிகழ்ந்து 1994இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, குதிரைக் குளம்பும் மனிதர் காலடியும் சில்லுகளிலும் மிகுதியாக மண்ணை இளக்கின எனக் கண்டது. எனினும், ஈரநிலத்தில் ஓட்டுவதும் சறுக்கி நிறுத்துவதும் எப்பாதையையும் கெடுக்கும். நடப்போரின் அச்சமோ மண்ணாராய்ச்சியாற் தீர்வதன்று. ஓட்டுவோரின் அடக்கத்தாலேயே தீரும்.

மற்றொரு மறுப்பு இன்னும் ஆழமானது. தொண்டர் இனாமாகச் செய்வராயின், பூங்காவைப் பேணும் கடமையை அரசு கைவிடாதோ? ஓய்வும் வசதியும் உள்ளோர் வாழும் பகுதிகளின் பூங்காக்கள் செழிக்க, சனிக்கிழமையும் கூலிக்குச் செல்லவேண்டிய ஏழைகளின் பூங்காக்கள் பாழாகாவோ? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எமது கருத்து இதுவே: தொண்டு அரசின் கடமைக்குப் பதிலாகாது, அக்கடமையோடு சேர்ந்தே நிற்றல் வேண்டும். திணைக்களத்தின் மேற்பார்வையும் செலவும் இல்லாத இடத்தில், தொண்டரின் ஆர்வம் சில மாரிகளையே தாங்கும்.

இலங்கையர்க்கு இவ்வெண்ணம் புதிதன்று. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற்குச் சென்று, ஊரவரோடு கூடி உழைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே சர்வோதய சிரமதான இயக்கம். ஓர் ஆசிரியரும் அவர்தம் மாணவரும் தொடங்கிய பணி அது என்பது நம்மனோர் நினைவிலிருத்தற்கு உரியது. ஆங்கே உழைத்தோர் பிறர் ஊருக்காக உழைத்தனர். மலைத் துவிச்சக்கர வண்டியோட்டிகளோ தம் விளையாட்டிற்காக உழைக்கின்றனர். இவ்வேறுபாடு உண்மையே.

ஆயினும், அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட விதிகளுள் ஒன்று இவ்வேறுபாட்டைக் குறைக்கின்றது. பொதுப்பாதையில் எதிர்ப்படும் நடையருக்கும் குதிரையிற் செல்வோருக்கும் வண்டியோட்டி வழிவிடல் வேண்டும் என்பது அவ்விதி. பல சனிக்கிழமைகள் மண்சுமந்து அப்பாதையை அமைத்தவரே ஆயினும், மண்வெட்டியை ஒருநாளும் தொடாத ஒரு முதியவர் எதிரே வந்தால், தடையைப் பிடித்து இறங்கி ஓரமாக நிற்கின்றார். பாதை பொதுவானது என்பதற்கு வேறு சான்று வேண்டா.