25 மில்லிகிராம் மாத்திரையும் 3 கிலோ குழந்தையும்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இதயக் கோளாறு. மருத்துவர் எழுதித் தரும் மருந்து கேப்டோப்ரில். கையிலிருப்பதோ 25 மில்லிகிராம் மாத்திரை. குழந்தையின் எடை 3 கிலோ. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என மருத்துவர் தொடங்கினால், ஒரு வேளைக்குத் தேவை 0.3 மில்லிகிராம்தான். மாத்திரையை 83 துண்டாக உடைக்க எந்தக் கத்தியால் முடியும்?

இந்த இடத்தில்தான் மருந்தாளர் கல்வத்தையும் குழவியையும் எடுக்கிறார். 4 மாத்திரைகளை மாவாக அரைத்து, மருந்துத் துகள் அடியில் தங்கிவிடாமல் தாங்கி நிற்கும் கெட்டியான திரவத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, 100 மில்லிலிட்டர் வரை நிரப்புகிறார். இப்போது ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம். குழந்தைக்கு 0.3 மில்லிலிட்டர், ஊசியில்லாத சிரிஞ்சில். கணக்கு ஆரம்பப்பள்ளிக் கணக்குதான். ஆனால், தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது பத்து மடங்கு மருந்து! அதனால்தான் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

ஒரு நோயாளிக்கென்றே இப்படித் தயாரிப்பதை 'காம்பவுண்டிங்' என்பார்கள். நம் அரசாங்க மருத்துவமனைகளில் 'எக்ஸ்டெம்போரேனியஸ்' என்ற பெயரும் உண்டு. இதற்கான செய்முறைத் தொகுப்பைச் சுகாதார அமைச்சே வெளியிட்டிருக்கிறது. சில நூறு குழந்தைகளுக்காக ஒரு தொழிற்சாலை தனி சிரப் தயாரிக்காது, லாபம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது இந்தக் கல்வம்தான்.

கெடா தோட்டங்களுக்கு இது புதிதல்ல. பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். டிரஸர் ஊற்றித் தந்த கசப்புத் 'தண்ணி மருந்து' பற்றிச் சொல்வார்கள். இந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்தவருக்குக் 'கம்பவுண்டர்' என்று பெயர். காம்பவுண்டிங் செய்பவர் கம்பவுண்டர், அவ்வளவுதான்!

ஆனால் அன்றைய மிக்ஸ்சரை நினைத்து ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கலக்குபவர் சுத்தத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 2012-இல் அமெரிக்கா பார்த்தது. மாசசூசெட்ஸில் ஒரு காம்பவுண்டிங் நிறுவனம் தயாரித்த முதுகுத்தண்டு ஊசிமருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நம் வீடுகளில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. பெரியவர் விழுங்கச் சிரமப்படுகிறார் என்று இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாத்திரையை நசுக்குகிறோம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால், நாள் முழுவதும் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் மேல்பூச்சு உடைந்தால் மருந்தே வீணாகும். நசுக்கலாமா என்று முதலில் மருந்தாளரைக் கேளுங்கள். மலாயிலோ தமிழிலோ, தயங்காமல் கேளுங்கள்.

கலந்து தந்த மருந்துக்கு ஆயுளும் குறைவு. சில 14 நாள், சில 30 நாள். சிலவற்றைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் வெறும் தண்ணீர், கடைசி நாள் அடிவண்டல் முழுவதும். பாட்டில் லேபிளில் உள்ளதைத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு விளக்க வேண்டியவர் பெரும்பாலும் வீட்டில் எஸ்.பி.எம் படிக்கும் பேரப்பிள்ளைதான்.

இந்தத் துறையில் ஆர்வமா? வேதியியலை விடாதீர்கள். பினாங்கு யு.எஸ்.எம்மிலும், நம் செமலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பார்மசி பட்டப்படிப்பு இருக்கிறது. 4 ஆண்டுப் படிப்பு. அதன்பின் முழுப் பதிவு பெறுவதற்கு முன் ஓராண்டு கட்டாயப் பயிற்சி.