டாக் ஊருக்குப் போயிருக்கு: அப்கிரேடும் காத்திருப்பும்

போன எபிசோடுல போறபோக்குல ஒரு வரி சொன்னேன், "என் டாக் அப்கிரேடுக்குப் போயிருக்கு"ன்னு. அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்தா நீங்க ரெண்டு கட்சியா இருக்கீங்க. ஒரு கட்சி, "டாக்னா என்னங்க?" இன்னொரு கட்சி, "என்ன போர்டு மாத்தறாங்க, எவ்வளவு ஆச்சு, வந்துடுச்சா?" ரெண்டு பேருக்கும் சேர்த்து இன்னைக்குப் பேசிடலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்பவே பதில்: வரலை, ஏழாவது வாரம் ஓடுது.

டாக் உங்க எல்லார்கிட்டயும் இருக்கு, போனுக்குள்ளயே. பாட்டு ஃபைல் என்பது வெறும் எண் வரிசை. சிடி தரம்னா ஒரு நொடிக்கு, ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகள்ல ஏதோ ஒரு படியைக் காட்டும். அந்த எண்ணை வோல்டேஜா மாத்திக் கொடுக்கற வேலைதான் டாக்கோடது. அதுக்கப்புறம் ஆம்ப், அதுக்கப்புறம் ஸ்பீக்கர். அவ்வளவுதான் விஷயம். ஆனா அந்தப் படியோட உயரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டு ஆடியோ கருவிகள்ல டாக்கோட வெளியீடு வழக்கமா 2 வோல்ட். இது ஆர்எம்எஸ் அளவு; அந்த அலையோட மேல் உச்சியிலேருந்து கீழ் உச்சி வரைக்குமான முழு வீச்சை 65,536 படியா பிரிச்சா, ஒரு படி சுமார் 86 மைக்ரோவோல்ட். ஹை-ரெஸ்னு சொல்ற 24 பிட்டுக்குப் போனா ஒரு படி 0.34 மைக்ரோவோல்ட்தான்.

இப்ப ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துக்குங்க. ரிச்சி தெருவுல சில்லறைக்குக் கிடைக்கும். எதோடும் இணைக்காம மேசை மேல சும்மா கிடந்தாலும், அறை வெப்பத்தால அதுக்குள்ள எலக்ட்ரான்கள் அலைபாயறதுல, நம்ம காது கேட்கற அலைவரிசைக்குள்ள மட்டும் சுமார் 0.57 மைக்ரோவோல்ட் இரைச்சல் உண்டாகும். 24 பிட்டோட ஒரு படியை விட அதிகம்! அதனால பெட்டி மேல 24 பிட், 32 பிட்னு என்ன எழுதியிருந்தாலும், கடைசிச் சில பிட்டுகள் இரைச்சலுக்குள்ள மூழ்கித்தான் இருக்கும். எந்தக் கம்பெனியாலயும் இயற்பியலோட பேரம் பேச முடியாது.

இதை ஏன் சொல்றேன்னா, லட்சக்கணக்குல விக்கற டாக்ல பணம் எங்க போகுதுன்னு புரியணும். எண்களைக் கையாளற பக்கம் ரொம்ப நாளைக்கு முன்னாடியே நல்லா வந்துடுச்சு. 1982-ல சிடி வந்தப்ப, ஃபிலிப்ஸ் தன்னோட முதல் பிளேயர்ல 14 பிட் சிப்பைத்தான் வச்சாங்க. நாலு மடங்கு வேகத்துல ஓடவிட்டு, இரைச்சலைக் காதுக்கு எட்டாத மேல் அலைவரிசைக்குத் தள்ளி, 16 பிட்டுக்கு ஈடா வேலை வாங்கினாங்க. அப்பவே அவ்வளவு கெட்டி. மிச்சம் இருக்கறது பழைய பஞ்சாயத்துகள்தான்: பவர் சப்ளை, கிளாக், சிப்புக்கு அப்புறம் வர்ற அனலாக் அவுட்புட் போர்டு.

அப்கிரேடும் அதே மாதிரி ரெண்டு சாதி. ஒண்ணு நம்ம சாதி, சாஃப்ட்வேர். சில டாக்குகள்ல கடையில கிடைக்கற ரெடிமேட் டாக் சிப் இருக்காது; எஃப்பிஜிஏ இருக்கும். எஃப்பிஜிஏங்கறது, உள்ளே எது எதோட இணையணும்னு ஃபைல் வழியா நாமே சொல்லக்கூடிய சிப். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல இருக்கற பிஎஸ் ஆடியோ 2014-ல கொண்டுவந்த டைரக்ட்ஸ்ட்ரீம் இந்த வகை. அதோட அப்டேட்டுகளுக்குக் கொலராடோ மலைகளோட பேரை வச்சாங்க: யேல், ஹியூரான், டோரீஸ், ஸ்னோமாஸ். எல்லாம் 14,000 அடிக்கு மேல இருக்கற சிகரங்கள். நம்ம ஆளுங்க ரிலீஸுக்கு இனிப்புப் பேரு வச்ச மாதிரி. ஃபைலை இறக்கு, மெமரி கார்டுல போடு, ரீஸ்டார்ட் பண்ணு. காத்திருப்பு பத்து நிமிஷம்.

ரெண்டாவது சாதி, பெட்டியே கிளம்பிப் போறது. இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ஷயர்ல இருக்கற டிசிஎஸ் இதுக்கு நல்ல உதாரணம். அவங்க டாக்கும் எஃப்பிஜிஏதான், சாஃப்ட்வேர் அப்டேட்டும் உண்டு. ஆனா 2022-ல ஏபெக்ஸ்னு ஒரு மேம்பாடு கொண்டுவந்தப்ப அது அனலாக் பக்கத்து மாற்றம், அதாவது போர்டு மாத்தணும். போர்டை வைஃபைல அனுப்ப முடியாதே.

என்னோடதும் இந்த ரெண்டாவது சாதி. கம்பெனி பேர் வேண்டாம், ஐரோப்பாவுல ஒரு சின்னக் கம்பெனி. ஒன்பது வருஷம் பழைய பெட்டி, பெங்களூருல ஒரு அண்ணன்கிட்ட 2.6 லட்சத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். அவர் ஆறு வருஷம் சுவிட்சையே அணைச்சதில்லை, "எப்பவும் சூடா இருந்தாத்தான் நல்லா பாடும் தம்பி"ன்னார். ஹை-எண்ட் உலகத்துல இது கிட்டத்தட்ட சாஸ்திரம். ஆனா பவர் சப்ளைல இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது. அதுக்குள்ள இருக்கறது திரவம், வெப்பத்துல மெல்ல மெல்ல உலரும். 105 டிகிரியில 2,000 மணி நேரம்னு மதிப்பிட்ட கெபாசிட்டரை எடுத்துக்குவோம். பத்து டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பாகும் என்பது வழக்கமான கணக்கு. மூடின கப்போர்டுக்குள்ள, நம்ம ஊர் வெயில்ல, பெட்டிக்குள்ள 65 டிகிரின்னு வச்சா 32,000 மணி நேரம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம் ஓடவிட்டா மூணே முக்கால் வருஷத்துக்குள்ள தீர்ந்துடும்.

என் பெட்டியில அது நல்லாவே தெரிஞ்சுது. இடது சேனல்ல 100 ஹெர்ட்ஸ் உறுமல். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டிசியா மாத்தும்போது அது ரெட்டிப்பாகி 100 ஆகும். அதைச் சமன் பண்றதுதான் கெபாசிட்டரோட வேலை, அது ஓய்ஞ்சு போச்சு. கூடவே இடது பக்கம் 0.4 டெசிபல் குறைவு. கம்பெனிக்கு எழுதினேன். பழைய போர்டு இப்ப தயாரிக்கறதில்ல, புது வெர்ஷன்தான் இருக்கு, பவர் சப்ளையும் அவுட்புட் போர்டும் சேர்த்து மாத்தணும்னாங்க. 1.1 லட்சம், போக்குவரத்து தனி. அம்மா கணக்குல ஒரு ஸ்கூட்டி.

அனுப்பறதுல கவனிக்க வேண்டியது கஸ்டம்ஸ். ரிப்பேருக்கு வெளிநாடு போயிட்டுத் திரும்பற பொருளுக்குன்னு ஒரு அறிவிக்கை இருக்கு. முழு விலைக்கு இல்லாம, ரிப்பேர் செலவு, போக வர சரக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ், இதுக்கு மட்டும் வரி கட்டினாப் போதும். ஆனா போன பொருளும் வந்த பொருளும் ஒண்ணுதான்னு அதிகாரிக்குத் திருப்தி ஆகணும். உள்ளே பாதிப் போர்டு புதுசுன்னா அது அதே பொருளா? தத்துவக் கேள்வி மாதிரி தெரியும், ஆனா முழு விலைக்கு வரியா இல்லையாங்கறது இதுலதான் நிக்குது. என் கிளியரிங் ஏஜெண்ட் சொன்னது: அனுப்பும்போதே ஷிப்பிங் பில்லுல சீரியல் நம்பர் வரணும், என்ன பழுது, என்ன மாத்தப் போறாங்கன்னு கம்பெனியோட கடிதம் கூட வேணும், அந்த சீரியல் நம்பர் தகடு இருக்கற சேஸியை மாத்தவே கூடாது. மூணையும் செஞ்சு அனுப்பினேன்.

ஏன் இவ்வளவு நாள்? சின்னக் கம்பெனிக்கு உதிரி பாகமே பெரிய தலைவலி. 2020 அக்டோபர்ல ஜப்பான்ல நொபெயோகா ஊருல ஏகேஎம் கம்பெனியோட சிப் ஃபேக்டரி தீப்பிடிச்சது. உலகம் முழுக்கப் பல ஆடியோ கம்பெனிகள் அந்த டாக் சிப்பை நம்பித்தான் இருந்தாங்க. சிலர் வேற சிப்புக்கு மாறி, டிசைனையே திரும்பப் போட்டாங்க. ஒரு பாகம் வரலைன்னா மொத்த வரிசையும் நிக்கும்.

சரி, இன்னைக்கு நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். பெட்டி ரெண்டு மாசம் கழிச்சு வரும். காதுல மாட்டிக் கேட்பீங்க. "அடடா, எவ்வளவு வித்தியாசம்!" எதோட ஒப்பிட்டு? ஒரு ஒலியோட நுணுக்கத்தை நம்ம மூளை அப்படியே வச்சிருக்கறது சில நொடிகள்தான். ரெண்டு மாசத்துக்கு முந்தின ஒலி உங்ககிட்ட இல்லை. இருக்கறது ஒரு லட்சம் செலவு, ஏழு வாரம் ஏக்கம், நல்லா இருந்தே ஆகணும்ங்கற ஆசை. இந்த மூணும் சேர்ந்தா போர்டே மாத்தாம திருப்பி அனுப்பினாலும் நல்லாத்தான் கேட்கும். ஆபீஸ்ல இப்படிச் செய்வோமா? பழைய பில்டை அழிச்சுட்டு, ரெண்டு மாசம் கழிச்சுப் புதுசு வேகமா இருக்குன்னு ரிவ்யூல சொன்னா சிரிப்பாங்க.

அதனால பேக் பண்றதுக்கு முந்தின ராத்திரி பேஸ்லைன் எடுத்தேன். இந்த பாட்காஸ்ட் ரெக்கார்ட் பண்ற அதே இன்டர்ஃபேஸ்ல டாக்கோட வெளியீட்டை நேரா சொருகி, நாலு பாட்டு, சில டெஸ்ட் டோன் பதிஞ்சேன். உறுமல் இடது பக்கம் மைனஸ் 78 டெசிபல், வலது பக்கம் மைனஸ் 112. பெட்டி வந்ததும் அதே இணைப்பு, அதே பாட்டு. ரெண்டு பதிவையும் ஒத்து வச்சு ஒண்ணுலேருந்து இன்னொண்ணைக் கழிச்சா, மிச்சம் இருக்கறதுதான் வித்தியாசம். கையால கழிக்க முடியாது, ஏன்னா ரெண்டு கருவியோட கிளாக்கும் துல்லியமா ஒண்ணா ஓடாது. பத்து லட்சத்துல பத்து பங்கு விலகல் இருந்தாலே நாலு நிமிஷப் பாட்டுல நூறு சாம்பிளுக்கு மேல நழுவிடும். டெல்டாவேவ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இந்த நழுவலைச் சரி பண்ணிக் கழிச்சுத் தரும்.

இந்த பேஸ்லைன் எதிர்பாராம போன வாரமே உதவிச்சு. கம்பெனியிலேருந்து ஒரு மெயில்: "பெட்டி திறந்துதான் இருக்கு, புது கிளாக் போர்டும் போட்டுடலாமா? 70 ஆயிரம், வெள்ளிக்குள்ள சொல்லுங்க." காத்திருக்கற ஆளுக்கு இது ரொம்ப ஆபத்தான மெயில். இவ்வளவு ஆச்சு, இது ஒண்ணு எதுக்கு பாக்கின்னு தோணும். பதிவைத் திறந்தேன். 12,000 ஹெர்ட்ஸ் டோனுக்கு ரெண்டு பக்கமும் பார்த்தா, கிளாக் தள்ளாடினா தெரியவேண்டிய துணை முனைகள் மைனஸ் 120 டெசிபலுக்கு மேல ஒண்ணும் இல்லை. பத்து லட்சத்துல ஒரு பங்கு அது. அதுக்குக் கீழ என் இன்டர்ஃபேஸோட இரைச்சல்தான் தெரியுது. உறுமல் அளவுல தெரிஞ்சது, அதுக்குக் காசு கொடுத்தேன். கிளாக்ல கேட்கற அளவுக்குக் குறை எதுவும் தெரியலை. வேண்டாம்னு பதில் போட்டுட்டேன்.

அதுவரைக்கும் என்னதான் கேட்கறேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு யூஎஸ்பி டாங்கிள். முதல் வாரம் சப்புன்னு இருந்துது. பாதிக் காரணம் சுலபம்: அதோட வெளியீடு 1 வோல்ட், பெட்டியோடது 2, அதாவது 6 டெசிபல் சத்தம் கம்மி. சத்தம் குறைஞ்சதைக் காது தரம் குறைஞ்சதா எடுத்துக்கும். வால்யூமைச் சமன் பண்ணினேன். மூணாவது வாரத்துல டாங்கிள்ல கேட்கறேங்கறதே மறந்துபோச்சு.

இதுதான் இப்ப என்னை உறுத்துது. உறுமல் போனதை அளவு காட்டிடும், அதுல சந்தேகம் இல்லை. பெட்டியா டாங்கிளானு காதுக்குத் தெரியுமாங்கறது வேற கேள்வி. அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்: வால்யூமை 0.1 டெசிபலுக்குள்ள சமன் பண்ணி, என் ரூம்மேட் சுவிட்ச் மாத்துவான், எதுன்னு எனக்குத் தெரியாது. பதினாறு தடவை. பன்னிரண்டாவது சரியா சொன்னாத்தான் பெட்டி வீட்டுல இருக்கும், இல்லைன்னா விக்கறேன். இதை அவன்கிட்ட எழுதியும் கொடுத்துட்டேன். டிராக்கிங்ல நேத்து ராத்திரி "ஃபேக்டரியிலிருந்து புறப்பட்டது"ன்னு வந்திருக்கு.