குட்டி குறைந்தால் ஆண் பன்றியையும் பாருங்கள்

வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பன்றி ஐந்து குட்டிதான் போட்டது என்றால், அதை விற்றுவிட அவசரப்படாதீர்கள். குறை ஆண் பன்றியிடமும் இருக்கலாம். ஒரே ஆண் பன்றியைப் பல வீட்டார் இரவல் வாங்கும் ஊர்களில் நட்டமும் பல வீட்டுக்குப் போகும்.

பன்றியின் உடற்கலங்களில் 38 நிறமூர்த்தங்கள், அதாவது 19 சோடிகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளைக் குட்டிக்குக் கொண்டு செல்பவை இவையே. சில பன்றிகளில் இரண்டு நிறமூர்த்தங்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். எதுவும் தொலையாததால் அந்த ஆண் பன்றி நன்றாக வளரும், நன்றாகச் சேரும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அதன் விந்தணுக்களில் ஒரு பகுதிக்குத் துண்டு கூடியோ குறைந்தோ போய்விடுகிறது. அவற்றால் உண்டாகும் கருக்கள் ஆரம்பத்திலேயே அழிந்து தாயின் உடலுக்குள் கரைந்துவிடும். ஏறத்தாழ 114 நாட்கள் காத்திருந்த பிறகு, பத்துக் குட்டி வரவேண்டிய இடத்தில் ஐந்தோ ஆறோதான் வரும். நலமாகப் பிறக்கும் குட்டிகளிலும் சுமார் பாதி இதே குறையைச் சுமக்கும். ஆகவே அதன் குட்டிகளை இனவிருத்திக்கு வைக்க வேண்டாம்.

இதற்கு மருந்து இல்லை. குருதியை ஆய்வுகூடத்தில் பார்த்துத்தான் உறுதி சொல்லலாம். உங்களிடம் ஒரு கொப்பி இருந்தால் போதும்: எந்த ஆண், எந்தத் திகதி, எத்தனை குட்டி என்று எழுதுங்கள். ஒரே ஆணுடன் சேர்ந்த பல பெண் பன்றிகளும் குறைவாக ஈன்று, வேறு ஆணுடன் சேர்ந்தபோது அவையே நிறைய ஈன்றால் சந்தேகம் ஆணின் மேல்தான். அதை இறைச்சிக்கு விற்கலாம். இந்தக் குறையால் இறைச்சிக்குக் கெடுதி இல்லை.

தொற்றுநோய், வெக்கை, தீவனக் குறைவு, காலம் பிந்திச் சேர்த்தல் என்பனவும் குட்டிகளைக் குறைக்கும். இவையே அதிகம் காணப்படுபவை. எனவே எதையும் விற்கும் முன் கொப்பியைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.