மென்பொருள் வாங்கும் முன் கடை விதிகளை எழுதுங்கள்



மண்டியானாலும் மளிகையானாலும் ஒவ்வொரு கடைக்கும் சில விதிகள் உண்டு. யாருக்கு எத்தனை நாள் கடன், எத்தனை மூட்டை எடுத்தால் என்ன விலை, ரொக்கத்துக்கு எவ்வளவு கழிவு, பழைய பாக்கி நிற்கும்போது புதுச் சரக்கு ஏற்றலாமா கூடாதா என்பதெல்லாம் முதலாளியின் மனத்திலும் கணக்கப்பிள்ளையின் அனுபவத்திலும் இருந்து வந்தன. பேரேடு எழுதிய காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று பில் போடுவது கம்ப்யூட்டர். நாம் சொல்லாத விதி எதுவும் அதற்குத் தெரியாது. தவறாகச் சொல்லி வைத்தால் ஆயிரம் பில்லையும் தவறாகவே போடும்.

ஆகவே மென்பொருள் வாங்கப் போகும் நண்பர்கள், விலையையும் திரையின் அழகையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் கடையின் விதிகள் இதில் எங்கே இருக்கின்றன, அவற்றை யார் மாற்ற முடியும்?

விதி எங்கே இருக்கிறது?

சில மென்பொருள்களில் வரி விகிதம், கழிவு, கடன் நாள் எல்லாம் புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு விகிதம் மாறினாலும் எழுதியவர் வந்துதான் திறக்க வேண்டும். வேறு சிலவற்றில் விதிகள் தனி அட்டவணையாக இருக்கும். கடவுச்சொல் வைத்திருக்கும் முதலாளியே மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வித்தியாசம் 2025 செப்டம்பர் 22 அன்று பலருக்கும் புரிந்தது. அன்று முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5 ஆயின. பிஸ்கட், குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18-லிருந்து 5 ஆயின. துணி துவைக்கும் டிடர்ஜெண்ட் தூள் 18-லேயே நின்றது. எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் வெளியூர் போய்விட்டார். அன்று நவராத்திரி முதல் நாள். கடையில் நல்ல கூட்டம். மூன்று நாள் கையால் பில் எழுதி, பிறகு ஆள் வைத்து ஏற்றினார்கள். பக்கத்துக் கடையிலோ முந்தின ஞாயிற்றுக்கிழமையே புது விகிதத்தையும் அது தொடங்கும் தேதியையும் பதிந்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வியாபாரம் பார்த்தார்கள்.

தேதி மிக முக்கியம். பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் மென்பொருள் நமக்கு ஆகாது. செப்டம்பர் 22-க்கு முன் 18 சதவீதத்தில் விற்ற பிஸ்கட் பிறகு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் அந்தப் பழைய விகிதமே வர வேண்டும்.

25 கிலோ சிப்பம்

விதி என்பது வெறும் விகிதம் மட்டுமல்ல, நிபந்தனையும் சேர்ந்தது. 2022 ஜூலை 18 முதல் அரிசி, பருப்பு, மாவு ஆகியவை முன்னரே சிப்பம் கட்டி லேபிள் ஒட்டி, எடை 25 கிலோ அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 5 சதவீத வரி. ஒரே சிப்பம் 25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை. ஆலைகள் 26 கிலோ பை போடத் தொடங்கியது இதனால்தான். ஆனால் 10 கிலோ பைகள் பத்தைச் சேர்த்து 100 கிலோவாக ஒரே கட்டாகக் கட்டினாலும் வரி உண்டு. உள்ளே இருக்கும் சில்லறைப் பையின் எடைதான் கணக்கு. உதிரியாக நிறுத்து விற்றால் வரி இல்லை.

"அரிசி – 5 சதவீதம்" என்று ஒரே வரியில் பதியும் மென்பொருளில் இந்த நான்கு நிலைகளும் அடங்கா. பொருள், சிப்ப எடை, லேபிள் உண்டா என்ற மூன்றையும் பார்த்து முடிவெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் நோட்டு

மென்பொருள் விற்பவர் வருவதற்கு முன் 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து, கடை விதிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இடப்பக்கம் "இப்படி இருந்தால்", வலப்பக்கம் "இப்படிச் செய்". கணக்கப்பிள்ளையையும் கவுண்டரில் நிற்பவரையும் உட்கார வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. ஒரே விஷயத்துக்கு மூவரும் மூன்று விதம் சொல்வதைக் கேட்பீர்கள்.

நம் தொழிலில் முதல் கரைவது பெரும்பாலும் கடனில்தான். "பார்த்துக் கொடுப்பா" என்று பையனிடம் சொல்வது விதியாகாது. "கடன் வரம்பு ரூ. 50,000. 30 நாள் தாண்டிய பாக்கி இருந்தால் புது பில் நிற்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய 15 நாள் மட்டும் வரம்பு ரூ. 75,000" என்று எழுதினால் அது விதி. அதே சமயம் இருபது வருட வாடிக்கையாளரை இயந்திரம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. முதலாளி ஒப்புதல் கொடுத்தால் பில் போக வேண்டும். யார், எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

விதிகள் மோதும் இடத்தையும் எழுதுங்கள். 10 மூட்டைக்கு மேல் எடுத்தால் மூட்டைக்கு ரூ. 15 கழிவு, ரொக்கத்துக்கு 1 சதவீதம் என்றால், இரண்டும் சேர்ந்து கிடைக்குமா, பெரியது மட்டுமா? இரண்டும் போய் அடக்க விலைக்குக் கீழே இறங்கினால் பில் நிற்குமா?

சட்டம் போட்ட வரம்புகளும் நோட்டில் இருக்கட்டும். ஒருவரிடம் ஒரே நாளில் ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் உள்ள வருமான வரி விதி. ஆண்டு விற்றுமுதல் ரூ. 5 கோடியைத் தாண்டியவர்கள், ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரிகளுக்கு விற்கும் வரிக்குரிய சரக்குக்கு இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் உள்ள விதி.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. விதியை நானே மாற்றலாமா? மாற்ற ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டா?
2. விதி தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் முன்கூட்டியே பதியலாமா?
3. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு அழியாமல் இருக்குமா? கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம்.
4. பில் நின்றால், எந்த விதியால் நின்றது என்று திரையில் தமிழில் காட்டுமா?
5. நாளை வேறு மென்பொருளுக்குப் போனால் என் கணக்கு, பாக்கி, விதி எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாமா?
6. ஆண்டுப் பராமரிப்புத் தொகை எவ்வளவு? அழைத்தால் யார் வருவார்?

பதிலை வாயால் மட்டும் கேட்டு நம்ப வேண்டாம். உங்கள் கடையின் பழைய பில்களில் சிக்கலான பத்தை எடுத்துக் கொடுங்கள். திரும்பி வந்த சரக்கு, பாதி ரொக்கம் பாதி கடன், 25 கிலோவும் 26 கிலோவும் கலந்த லோடு எல்லாம் அதில் இருக்கட்டும். உங்கள் எதிரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெரிய முறை வேண்டுமா?

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விதிகளை மட்டும் நிர்வகிக்கத் தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. ஐ.பி.எம். விற்பதும் உண்டு, உரிமத் தொகை இல்லாத ட்ரூல்ஸ் என்பதும் உண்டு. உரிமம் இலவசமானாலும் நடத்தத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பல கிளைகளும் நூற்றுக்கணக்கான விதிகளும் உள்ளவர்கள் யோசிக்கலாம். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி 1980-களில், கம்ப்யூட்டர் ஆர்டர்களைச் சரிபார்க்க எக்ஸ்கான் என்ற விதி மென்பொருளை வைத்து நல்ல பலன் கண்டது. விதிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு அவற்றைச் சீராக வைப்பதே தனி வேலையாயிற்று. ஒரு கடை, ஒரு கிடங்கு உள்ளவருக்கு, விதி அட்டவணை வசதியுள்ள நல்ல பில்லிங் மென்பொருளே போதும்.

ஆடி மாதத்தில் வியாபாரம் சற்று மந்தமாக இருக்கும். நோட்டை எழுத அதுவே ஏற்ற சமயம். ஒரே மென்பொருளை வைத்திருக்கும் உறுப்பினர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பராமரிப்புத் தொகையைப் பேசினால் தனியாகப் பேசுவதைவிட நல்ல விலை கிடைக்கும். புது மென்பொருள் வந்த பிறகும் ஒரு மாதம் பழைய முறையையும் கூடவே நடத்தி, இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகே பழையதை மூடுங்கள்.