எல்லைக்கல்லைத் தாண்டாத கிராமம்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவினுள், ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் ஒன்று உண்டு. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'எயாம்' என்று வரும். ஆனால் ஊரார் அதனை 'ஈம்' என்றே உச்சரிக்கின்றனர்.

ஊரின் வடக்கே மணற்பாறை மேடு சுவர்போல் எழுந்து நிற்கிறது. தெற்கே சுண்ணாம்புக்கல் நிலம் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளாக இறங்குகிறது. மேட்டின் அடிவாரத்தில் ஊற்றுகள் சுரப்பதால் மக்கள் அங்கே குடியேறினர். 1588-ஆம் ஆண்டிலேயே ஊற்றுநீரைக் குழாய் வழியாகக் கொணர்ந்து தெருவோரக் கல்தொட்டிகளில் நிரப்பினர். சுண்ணாம்புப் பாறையினுள் கிடைத்த ஈயத்தாது பலருக்குப் பிழைப்பளித்தது. ஆலய வளாகத்தில் நிற்கும் கற்சிலுவை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சாக்சன் காலத்தது.

இத்தகைய அமைதியான ஊரை உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், 1665-ஆம் ஆண்டில் அதனுள் நுழைந்த கொள்ளைநோயாகும். அவ்வாண்டு லண்டன் மாநகரில் பிளேக் நோய் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. அங்கிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவரின் வீட்டிற்குத் துணிமூட்டை ஒன்று வந்ததென்றும், ஈரமாயிருந்த அத்துணிகளை நெருப்பருகே உலர்த்தியபோது அவற்றிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வெளிப்பட்டன என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. துணியை உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் செப்டம்பர் 7 அன்று அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் அண்டை வீடுகளிலும் மரணம் தொடர்ந்தது. குளிர்காலத்தில் சற்றுத் தணிந்த நோய், 1666-ஆம் ஆண்டின் கோடையில் மூர்க்கமாய்த் திரும்பியது.

அப்போது அவ்வூரில் போதகர்கள் இருவர் இருந்தனர். தாமஸ் ஸ்டான்லி என்பவர், ஒரே ஆராதனை முறையை அனைவரும் ஏற்கவேண்டுமென்று 1662-இல் இயற்றப்பட்ட சட்டத்திற்கு இணங்காததால் பதவியிழந்தவர். ஊராரில் பலர் இன்னும் அவரையே நேசித்தனர். மற்றவர் 1664-இல் நியமிக்கப்பட்ட இளைஞராகிய வில்லியம் மாம்பெசன். கொள்கையால் எதிரெதிர் பக்கத்தில் நின்ற இவ்விருவரும், மக்களின் உயிருக்காக ஒன்றிணைந்தனர். அவர்கள் ஒருமனப்பட்டுப் பேசியிராவிட்டால், பிளவுண்டிருந்த அவ்வூர் செவிகொடுத்திருப்பது கடினம்.

ஜூன் மாதத்தில் மூன்று தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. மரித்தோரை அவரவர் குடும்பத்தாரே தங்கள் நிலத்தில் அடக்கம் செய்யவேண்டும். ஆலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில் திறந்தவெளியில், குடும்பம் குடும்பமாய் விலகி நின்று ஆராதிக்கவேண்டும். மூன்றாவதே மிகக் கடினமானது: ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்டலாகாது.

சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபு உணவுப்பொருள்களை அனுப்பி உதவினார். அண்டை ஊரார் எல்லையில் பொருள்களை வைத்துச் செல்வர். ஈம் மக்கள் எல்லைக்கல்லில் குடையப்பட்ட குழிகளில் காடியை ஊற்றி, அதற்குள் நாணயங்களை வைப்பர். அந்தக் குழிகளை இன்றும் காணலாம்.

இதற்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், எட்டே நாட்களில் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அடக்கம் செய்தார். மாம்பெசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூர் அனுப்பியிருந்தார். அவருடைய மனைவி கேத்தரினோ கணவரை விட்டுப் போக மறுத்து, நோயுற்றோரைப் பராமரித்தார். அவரும் மரித்து, ஆகஸ்ட் 25 அன்று அடக்கம் செய்யப்பட்டார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது, ஏறத்தாழ 260 பேர் மாண்டிருந்தனர்.

தெள்ளுப்பூச்சியே பிளேக் நோயைக் கடத்துகிறது என்பதை, 1898-இல் அன்றைய இந்தியாவைச் சேர்ந்த கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் செய்த பரிசோதனை காட்டியது. ஈம் கிராமத்தின் ஆலயப் பதிவேடுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வோ, அங்கு தொற்றியவற்றில் முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியிருக்கக்கூடும் என்கிறது. அப்படியானால், அவர்கள் உள்ளேயே தங்கியது வெளியிலிருந்தோரைக் காத்தது. உள்ளிருந்தோருக்கோ ஆபத்தைக் கூட்டியது.

பிரியமானவர்களே, 2020-இல் நாமும் பூட்டிய கதவுகளுக்குள் இருந்தோம்; நம்மைக் காத்துக்கொள்வதே அப்போது நம்மில் பலருடைய முதல் கவலையாயிருந்தது. இம்மக்களோ தாங்கள் பார்த்தறியாத ஊர்களின் பிள்ளைகளுக்காக எல்லைக்குள் நின்றனர். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிறன்று, கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கிலே நினைவு ஆராதனை நடைபெறுகிறது. இருவேறு பக்கங்களில் நின்ற மேய்ப்பர்கள் கைகோர்த்து, ஒரே மந்தையாய்த் தங்கள் மக்களை நிறுத்திய இடம் அது.