இரவு வேலையும் இருதயமும்



தேயிலை ஸ்டோரில் இரவு வேலை இல்லாமல் முடியாது. பின்னேரம் வந்து சேரும் கொழுந்து இராமுழுக்க வாடி, விடிவதற்கு முன்பே பல ஸ்டோர்களில் ரோலருக்குப் போகிறது. ஆகையால் பகலும் இரவும் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். காவல் வேலைக்காரர்களும் அப்படித்தான். "பத்து வருசமா செய்யிறோம், ஒடம்புக்குப் பழகிப் போச்சு" என்பார்கள். கண்ணுக்குப் பழகலாம். இருதயத்துக்கு அவ்வளவு லேசாகப் பழகுவதில்லை.

காரணம் என்ன? நமது மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரம் பார்க்கிறது. இரவில் தூங்கும்போது இரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். அதுதான் இருதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு. இரவில் வேலை செய்தால் அந்த ஓய்வு குறைகிறது. பகல் தூக்கம் அதை முழுதாக ஈடு செய்வதில்லை. நடுச்சாமத்தில் சாப்பிடும் சாப்பாட்டின் சீனியும் இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது. இப்படி வருசக்கணக்காக நடந்தால் பிரஷர், சீனி வருத்தம், கொழுப்பு மூன்றும் கூடி இரத்தக் குழாய் சுருங்கலாம்.

அமெரிக்காவில் சுமார் 1,89,000 தாதிமாரை 24 வருடங்கள் கவனித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பத்து வருடமும் அதற்கு மேலும் மாறி மாறி இரவு வேலை செய்தவர்களுக்கு இருதய நோய் சுமார் 15 முதல் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. இரவு வேலை செய்யும் எல்லாருக்கும் நோய் வரும் என்பதல்ல இதன் அர்த்தம். ஆனால் கவனமாக இருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

வயிற்றுப் பாட்டுக்காகச் செய்யும் வேலையை விடச் சொல்ல முடியாது. செய்யக்கூடியவை இவை:

1. பிரஷருக்கு வலி கிடையாது. டிஸ்பென்சரியில் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் டொக்டரிடம் போங்கள். மாத்திரை தந்தால், "இப்ப சுகம்தானே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிடுங்கள். நடுச்சாமத்தில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கள். தூக்கத்தை விரட்ட பீடி, சிகரெட் வேண்டாம்.

3. வேலை முடிந்து வந்ததும் மரக்கறித் தோட்டத்துக்கு ஓடாமல் முதலில் தூங்குங்கள். சன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டி இருட்டாக்குங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. லயக் காம்பராவில் பகலில் தூங்குவது லேசான காரியமல்ல. ரேடியோ, டீவி சத்தத்தைக் குறையுங்கள், பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுமுட்டல் வந்தால் "வாய்வு" என்று இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு விடியும்வரை இருக்க வேண்டாம். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடைபட்ட குழாயைச் சீக்கிரம் திறந்தால்தான் இருதயத்தைக் காப்பாற்றலாம். வேலை நின்றாலும் பரவாயில்லை, உயிர் நிற்கக் கூடாது.