வானத்தில் திறக்கும் கதவு!
160 அறைகள் கொண்ட மர மாளிகையின் கதை

கதவைத் திறந்தால் அறை இல்லை. வெறும் ஆகாயம்தான் தெரிகிறது. கால் எடுத்து வைத்தால், மாடியிலிருந்து தரையில் விழ வேண்டியதுதான்!

படிக்கட்டில் ஏறிப் போனால் மாடி வரவில்லை. தலை கூரையில் இடிக்கிறது!

இப்படி ஒரு வீடு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஓசே என்ற ஊரில் இருக்கிறது. "வின்செஸ்டர் மர்ம மாளிகை" என்று அதற்குப் பெயர்.

துப்பாக்கிப் பணம்

இதைக் கட்டியவர் சாரா வின்செஸ்டர் என்ற சீமாட்டி. வின்செஸ்டர் துப்பாக்கிக் கம்பெனி முதலாளியின் மகனை 1862-ல் மணந்தார். 1866-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுமார் 40 நாளில் குழந்தை இறந்துவிட்டது. 1881-ல் கணவரும் சயரோகத்தால் இறந்தார். பெரும் சொத்து கைக்கு வந்தது. ஆனால், அனுபவிக்க வீட்டில் ஆள் இல்லை.

1886-ல் சாரா கலிபோர்னியாவில் ஒரு சிறிய பண்ணை வீட்டை வாங்கினார். அதை இடித்தும், சேர்த்தும், பெரிதாக்கிக்கொண்டே போனார். தச்சர்களுக்கு அவரே யோசனை சொன்னார். பிடிக்காவிட்டால் இடித்துவிட்டு, மறுபடியும் கட்டச் சொன்னார்.

மரத்தால் ஆன அரண்மனை

விக்டோரியா மகாராணி காலத்துப் பாணியில் அமைந்த வீடு இது. கூம்புக் கோபுரங்கள், சரிவான கூரைகள், செதுக்கு வேலை செய்த தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாம் உண்டு.

வீட்டின் சட்டம் முழுவதும் ரெட்வுட் மரம். கலிபோர்னியாவில் வானளாவ வளரும் மரம் அது. ஈரத்துக்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகாது.

அறைகள் சுமார் 160. கதவுகள் சுமார் 2,000. சன்னல் கண்ணாடிகள் சுமார் 10,000!

ஒரு படிக்கட்டில் 44 படிகள். ஒவ்வொரு படியும் 2 அங்குல உயரம்தான். இது என்ன கிறுக்கு என்று தோன்றுகிறதா? சாராவுக்கு மூட்டுவாதம். காலை உயரத் தூக்க முடியாது. அதனால்தான் அந்தச் சின்னப் படிகள்.

பூமி அதிர்ந்தது

1906 ஏப்ரல் 18. விடியற்காலையில் பெரும் பூகம்பம் வந்தது. ஏழு அடுக்குக் கோபுரம் சரிந்தது. மேல் மாடிகள் நொறுங்கின. ஆனாலும் வீடு அடியோடு விழவில்லை. மரம் வளைந்து கொடுத்தது.

இடிந்த மாடிகளைச் சாரா திரும்பக் கட்டவில்லை. உடைந்த இடங்களை அப்படியே அடைத்துவிட்டார். மாடி போய்விட்டது, மாடிக்குப் போகும் படி நின்றுவிட்டது. முகப்பு போய்விட்டது, கதவு நின்றுவிட்டது. பல மர்மங்களின் ரகசியம் இதுதான்!

ஆவிக் கதை

ஊர் சும்மா இருக்குமா? "துப்பாக்கிக்குப் பலியானவர்களின் ஆவிகள் சாராவைத் துரத்துகின்றன. வீட்டு வேலை நின்றால் அவர் செத்துப்போவார். அதனால் இரவும் பகலும் கட்டுகிறார்" என்று கதை கட்டினார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே பத்திரிகைகளும் எழுதின. சாரா பதில் சொல்லவே இல்லை.

அவருடைய கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன. களைப்பாக இருக்கிறது என்று, வேலையாட்களை நிறுத்தி வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். வேலை நின்றது. அவர் சாகவில்லை!

1922-ல், தமது 83-வது வயதில் சாரா காலமானார். அடுத்த ஆண்டே மாளிகை காட்சிசாலை ஆயிற்று. ஆவிக் கதையைக் கேட்க, இன்றும் மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சாரா கட்டிய கட்டிடம் இன்னொன்றும் உண்டு. கணவரைக் கொன்ற சயரோகத்துக்குச் சிகிச்சை செய்ய, தம் சொந்த மாநிலமான கனெக்டிகட்டில் மருத்துவமனை அமையப் பெரும் பணம் கொடுத்தார். அதற்குக் கணவர் பெயரே வைக்கப்பட்டது.

அங்கே ஆவிக் கதை இல்லை. அதனால் அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை!